சுருதியை இறக்கி வைத்து விற்கப்படும் பழைய பேஸ் கிட்டார்: எச்சரிக்கை

பழைய பேஸ் கிட்டார் வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். 1962-ஆம் ஆண்டு ஃபெண்டர் நிறுவனத்தின் ஜாஸ் பேஸ், ஒரு திருகுகூட மாற்றப்படாதது, கழுத்து (தந்திகள் ஓடும் நீண்ட கைப்பிடி) நேராக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்து, கழுத்து கெட்டுப்போன ஓர் ஒட்டுக் கருவியை என் தலையில் கட்டிவிட்டார் ஒரு விற்பனையாளர்.

அந்த ஆண்டின் மேல் பேஸ் வாசிப்பவர்களுக்குத் தனி மோகம் உண்டு. பேஸ் கலைஞர் ஜாக்கோ பஸ்டோரியஸின் ஃபிரெட் (கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பி) இல்லாத ஜாஸ் பேஸும், வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே இன்னொரு பேஸ் கலைஞரான ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸும் 1962-இல் செய்யப்பட்டவைதான். மேடையருகே நின்று நல்ல பேஸ் வாசிப்பைக் கேட்டவர்களுக்கு அந்த ஒலி நெஞ்சுக்கூட்டில் வந்து இறங்குவது மறக்காது. அதைத் தேடி வருகிறவர்களின் ஆசையைத்தான் அந்த விற்பனையாளர் காசாக்குகிறார்.

அவர் கையாண்ட தந்திரம் இதுதான். மெல்லிய தந்திகளை மாட்டி, நான்கையும் இரண்டு அரைச்சுரம் இறக்கிவைத்திருந்தார். தன் குரலுக்கு அதுதான் வசதி என்றார். சுருதியை ஏற்றச் சொன்னபோது, தந்திகள் பழையவை, அறுந்துவிடும் என்று தடுத்தார். அவ்வளவு இறக்கினாலே தந்தியின் இழுவிசையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். வழக்கமான தந்திகள் நான்கும் சரியான சுருதியில் சேர்ந்து இழுப்பது 70 கிலோவுக்கும் மேல். அந்தப் பாரம் இல்லாதவரை எந்த நோஞ்சான் கழுத்தும் நிமிர்ந்துதான் நிற்கும்.

புதுத் தந்தி மாட்டிக் கச்சேரிக்கு எடுத்துப் போனேன். பாதி நிகழ்ச்சியிலேயே கழுத்து வில்லாக வளைந்துவிட்டது. ஏழாம் ஃபிரெட்டுக்கு மேல் தந்தி அவ்வளவு உயரத்தில் நின்றது; அழுத்த அழுத்தச் சுரம் ஏறிப்போய் மற்றவர்களோடு சேரவில்லை. முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் சேர்த்து அழுத்திப் பார்த்தேன். முகவரி அட்டையின் தடிமன் அளவே இருக்கவேண்டிய நடு இடைவெளியில் ஒரு நாணயமே நுழைந்தது.

பழுது பார்ப்பவர் கழுத்தைக் கழற்றினார். அந்தக் காலத்து ஃபெண்டரில் ட்ரஸ் ராடின் (கழுத்தின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் வைத்த உலோகக் கம்பி) மரை உடலோடு சேரும் முனையில் மறைந்திருக்கும்; கழற்றினால்தான் தெரியும். கடைசிவரை முறுக்கி, மரைப் பள்ளங்கள் மழுங்கிப்போயிருந்தன. தேதி முத்திரை இருக்கவேண்டிய இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள். வால்யூம் குமிழுக்கு அடியில் இருந்த, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மின்பாகத்தின் (பொட்டென்ஷியோமீட்டர்) முதுகில் 1377834 என்ற எண். 137 என்பது அந்தப் பாகத்தைத் தயாரித்த சிடிஎஸ் நிறுவனத்தின் குறியீடு. மீதி, 1978-ஆம் ஆண்டின் 34-ஆம் வாரம். கழுத்துத் தகட்டில் இருந்த வரிசை எண் மட்டும் அறுபதுகளைச் சொன்னது. நான்கு திருகுகளைக் கழற்றினால் அந்தத் தகடு வேறு எந்தக் கருவிக்கும் போய்விடும். அதை வைத்து வயதை நம்பவே முடியாது.

படங்களோடு கேட்டதற்கு, "பார்த்துத்தானே வாங்கினீர்கள்?" என்பதுதான் பதில். எழுதிக் கொடுத்ததை நினைவூட்டியதும் பதிலே நின்றுவிட்டது.

அந்த மின்பாகத்தை மாற்றுவது குற்றமல்ல. நேர்மையான விற்பனையாளர்கள் அதைச் சொல்லியே விற்கிறார்கள். உங்கள் தந்திகளைக் கொண்டுபோய் மாட்டி, ஈ, ஏ, டி, ஜி என்று சரியான சுருதிக்கு ஏற்றி, குறைந்தது ஒரு மணி நேரம் விட்டுவிட்டுப் பாருங்கள். விற்பவர் கையாலேயே கழுத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். "திருகைத் தொட்டால் மதிப்புப் போய்விடும்" என்று என்னிடம் இந்த விற்பனையாளர் சொன்னார். அப்படி யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். அதே நபர் இப்போது இன்னொரு 1962 பேஸை விற்பனைக்கு வைத்திருக்கிறார். அதுவும் இரண்டு அரைச்சுரம் இறக்கியே இருக்கிறது.