டீசல் பில்டர் மாற்றினால் மட்டும் மக்கர் பண்ணும் டிராக்டர்

“ரெண்டு பில்டரும் மாத்தியாச்சு. ஸ்டார்ட் ஆகி ரெண்டு நிமிஷத்துல நின்னுடுது. பம்ப் போயிடுச்சா? இந்த மாடலை நம்பி வாங்கலாமா?” என்று கேட்ட நண்பருக்காக இது.

பம்பில் கை வைக்காதீங்க. டீசல் லைனில் ஏர் பிடித்திருக்கிறது, அதாவது காற்று புகுந்திருக்கிறது. பம்புக்குள் மிச்சம் இருந்த டீசலில்தான் அந்த ரெண்டு நிமிஷம் ஓடியது.

இரட்டை பில்டர், இன்ஜெக்டருக்கு டீசலை அழுத்தித் தள்ளும் இன்லைன் பம்ப், லைனில் டீசலை ஏற்றக் கையால் அடிக்கிற பிரைமர் உள்ள வண்டி இது. இழுவையில், டீசல் செலவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரைமர் மட்டும் இல்லையென்றால் ஏர் எடுப்பதற்குள் பேட்டரி படுத்துவிடும். ஆனால் பம்பில் காற்றை வெளியேற்றும் பிளீடர் ஸ்க்ரூவை இன்ஜின் பிளாக் பக்கமாக ஒளித்து வைத்த மகராசன் யாரோ! ரிங் ஸ்பேனர் நுழையாது. ஓப்பன் ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கால் சுற்று கால் சுற்றாகத்தான் கழற்ற வேண்டும்.

ஏர் எடுப்பதில் வரிசை முக்கியம். டேங்கில் பாதிக்கு மேல் டீசல் இருக்கட்டும். முதல் பில்டரின் பிளீடரைத் தளர்த்தி பிரைமரை அடிங்க. முதலில் நுரை வரும், அப்புறம் முட்டை முட்டையாகக் குமிழ், அப்புறம் கண்ணாடி மாதிரி டீசல். அது வழியும்போதே முடுக்கிவிடணும். கையை எடுத்துவிட்டு முடுக்கினால் மறுபடி காற்று ஏறிவிடும். அடுத்து இரண்டாவது பில்டர், கடைசியாக பம்ப். அப்போதும் பிடிக்கவில்லையா? இன்ஜெக்டர் பக்கம் நாசில் பைப் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, பத்துப் பதினைந்து விநாடி செல்ஃப் அடிங்க. டீசல் துப்பியதும் முடுக்குங்க. செல்ஃபுக்கு நடுவில் ஒரு நிமிஷம் ஓய்வு வேண்டும். துப்புகிற இடத்தில் விரலை வைக்காதீங்க, அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

சீக்கிரம் ஆகட்டுமென்று புது பில்டரின் நடு ஓட்டையில் டீசல் ஊற்றுகிறவர்கள் உண்டு. அது வடிகட்டிய பக்கம். கேனில் இருக்கிற தூசி நேராக பம்புக்குப் போகும்.

இத்தனையும் செய்து மறுநாள் மறுபடி நின்றால், காற்று எங்கேயோ புகுந்துகொண்டே இருக்கிறது. பில்டர் தலையை டார்ச் அடித்துப் பாருங்க. பழைய ரப்பர் ரிங் கறுப்பாக அப்பிக்கொண்டு, தலையோடு தலையாகத் தெரியும். அதன் மேலேயே புதுசைப் போட்டால் சீல் உட்காராது. அடுத்தது பேன்ஜோ போல்ட்டின் (டீசல் பைப்பை இணைக்கிற, நடுவில் ஓட்டை உள்ள போல்ட்) காப்பர் வாஷர். ஒருமுறை நசுங்கியதைத் திரும்பப் போட்டால் மயிரிழை இடைவெளி விழும். டேங்கிலிருந்து, டீசலை இழுத்து பில்டருக்குத் தள்ளும் ஃபீட் பம்ப் வரை உறிஞ்சுகிற பக்கம், அதனால் வெளியே ஒழுகாமலே காற்றை இழுக்கும். டேங்க் நிறைய இருக்கும்போது ஓடி, அளவு இறங்கியதும் திணறினால் அங்கேதான் கோளாறு. ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் ட்யூப் மாட்டி ஓட்டினால் குமிழ் கண்ணுக்கே தெரியும்.

பில்டர் பெட்டியில் ரிங் வருகிறது, வாஷர் மட்டும் வருவதில்லை. நாலு வாஷர் போட என்ன கேடு?

வாங்கலாமா என்றால், இன்றைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். என்னுடையதை விற்கிறேனா என்று மட்டும் கேட்காதீங்க.