கல்லிடைக்குறிச்சி அப்பளக் கடை: அப்பளத்துக்கு முழு மார்க், வரலாற்றுத் தாளுக்குப் பாதி

திருநெல்வேலி ஜில்லா அம்பாசமுத்திரத்திலிருந்து தாமிரபரணி ஆற்றுப்பாலம் தாண்டினால் கல்லிடைக்குறிச்சி. அங்கே அப்பளக் கடைக்குப் பஞ்சமே இல்லை. நான் சொல்வது, வீட்டின் முன்கட்டையே கடையாக்கி வைத்திருக்கும் ஒன்றைப் பற்றி. கொஞ்சம் குறையும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை. இந்தக் கடையில் மட்டும் ஒரு விசேஷம்: அப்பளக் கட்டோடு ‘நம்ம ஊர் வரலாறு’ என்று இரண்டு பக்கத்துக்கு அச்சடித்த தாள் ஒன்றும் தருகிறார்கள், இலவசமாக. ஆகவே இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

முதலில் அப்பளம். உளுந்து மாவு, உப்பு, அப்பளக்காரம் என்கிற சோடா மாதிரியான உப்பு, பெருங்காயம், கையில் ஒட்டாமலிருக்க நல்லெண்ணெய், அவ்வளவுதான் என்கிறார்கள், வாயில் போட்டால் நம்பத்தான் தோன்றுகிறது. மைதாவோ அரிசி மாவோ கலந்த அப்பளமும் பொரித்ததும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கடித்தால் உளுந்து வாசனை வராது, பல்லில் மாவு மாதிரி அப்பிக்கொள்ளும். இதில் வாசனைதான் முதலில் வருகிறது, அப்பளக்காரமும் நாக்கை அரிக்கவில்லை. கேரளத்துப் பப்படம்போல உப்பிப் பெரிதாகாது; குமிழ் குமிழாகக் கொப்பளித்து நிற்கும். எண்ணெய் நன்றாகக் காயுமுன் போட்டுவிட்டுச் சவசவவென்று இருக்கிறது என்று யாராவது குறை சொன்னால் நம்பாதீர்கள். மிளகு அப்பளத்தை மட்டும் பொரிக்க வேண்டாம், தணலில் சுட்டுக் கூட்டாஞ்சோற்றோடு சாப்பிடுங்கள்.

இப்போது தாள். பாதிப் பக்கத்துக்கு, தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாயின் கதை. சேரநாட்டு ராஜா ஒருவன் தன் தீராத நோயை ஒரு பொம்மைக்குள் இறக்கி, அதைப் பொன்னோடு வாங்கிக்கொள்ள ஆள் தேடினானாம். கன்னட தேசத்துப் பிரம்மச்சாரி ஒருவர் வாங்கிக்கொண்டு, கிடைத்த பொன்னை நல்ல காரியத்துக்குச் செலவழிக்க அகத்தியரிடம் வழி கேட்டாராம். ஒரு பசுவின் பின்னால் போ, அது நடந்த வழியெல்லாம் வாய்க்கால், படுத்த இடமெல்லாம் குளம் என்றாராம் முனிவர். எங்கள் பக்கத்தில் பல வீட்டு ஆச்சிகளும் சொல்லும் கதைதான், ஆனால் எழுத்தில் இவ்வளவு சுருக்கமாகவும் அழகாகவும் நான் படித்ததில்லை. எழுதியவர் சேரன்மகாதேவி மிளகுப் பிள்ளையாரையும் விடவில்லை. மழை பொய்த்தால் பிள்ளையார்மேல் மிளகை அரைத்துப் பூசி, அபிஷேகத் தண்ணீரை இதே கால்வாயில் விடுவார்கள். மிளகு அப்பளம் விற்கிற கடைக்கு இதைவிடப் பொருத்தமான விளம்பரம் வேண்டுமா!

ஆனால் கதை முடிந்த இடத்தில் கால்வாயும் முடிந்துவிடுகிறது. வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று அது சுமார் 12,500 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுப்பதோ, பாபநாசம் அணையைத் திறந்தால் கார் நெல், அப்புறம் பிசான நெல் என்று இரண்டு போகமாக இந்த ஊரின் ஆண்டுக்கணக்கே நடப்பதோ தாளில் இல்லை. பிசானம் அறுத்த ஈரத்தில் உளுந்தும் பாசிப்பயறும் போடுவார்களே, நெல் விளைகிற ஊருக்கு உளுந்து வந்த கதை அதுதானே, அதையும் காணோம். தாமிரபரணித் தண்ணீர்தான் ருசிக்குக் காரணம் என்று மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அக்கரை அம்பாசமுத்திரத்திலும் அதே தண்ணீர்தானே ஓடுகிறது?

கடை அண்ணாச்சியிடம், “உளுந்து நம்ம பக்கத்து உளுந்தா அண்ணாச்சி?” என்று கேட்டேன். “எல்லாம் நல்ல உளுந்துதான் தம்பி, தைரியமா வாங்கிட்டுப் போங்க” என்றார். கேட்டதற்கு அது பதில் இல்லை. பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக உளுந்து வந்திறங்கும் காலத்தில் வெளி உளுந்து வாங்கினால் ஒரு தப்பும் இல்லை, பாக்கெட்டில் ஒரு வரி போட்டுவிடலாம். நான் வாங்கிய கட்டில் தயாரித்த தேதிகூட இல்லை.

தாளில் எனக்கு ஆறவே ஆறாத குறை ஒன்று. குலசேகரமுடையார் கோவில் பெயர் வருகிறது, நடராஜர் வரவில்லை. 1982-ல் அந்தக் கோவிலிலிருந்து நடராஜர் சிலை திருடு போய், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு அருங்காட்சியகத்தில் இருப்பது தெரிந்து, 37 வருஷம் கழித்து 2019-ல் ஊருக்குத் திரும்பி வந்தது. அவ்வளவு தூரம் போய்த் திரும்பிய சாமி நம் ஜில்லாவில் வேறு எத்தனை ஊரில் இருக்கிறார்? இந்த ஊர் ஆதிவராகப் பெருமாளை முத்துசுவாமி தீட்சிதர் பாடியதற்கு மூன்று வரி, ரயில் வந்ததற்கு ஒரு வரி, இதற்கு ஒன்றுமில்லை. திருட்டுச் சமாச்சாரம் ஊருக்குக் கௌரவக் குறைச்சல் என்று விட்டிருப்பார்களோ என்னவோ. ரயிலைப் பற்றியும் அந்த ஒரு வரி போதாது. 1904-ல் செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை பாதை திறந்தது, கனமில்லாத, சீக்கிரம் கெடாத சரக்கான அப்பளத்துக்கு அது எவ்வளவு உதவியிருக்கும் என்று அப்பளக் கடைக்காரரே யோசிக்கவில்லையென்றால் வேறு யார் யோசிப்பது?

அப்பளம் இடும் பெண்களைப் பற்றியும் ஒரு சொல் கிடையாது. நான் போனபோது பின்கட்டில் மூன்று அக்காமார் உட்கார்ந்து இட்டுக்கொண்டிருந்தார்கள், பேச்சு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். ஓரம் கனத்து நடு மெலிந்தால் எண்ணெயில் நடு கருகிவிடும், ஓரம் வேகாது. நான் வாங்கிய கட்டில் அப்படி ஒன்றுகூட இல்லை. மார்க் அவர்களுக்குத்தான்.

வாங்கப் போகிறவர்களுக்கு: மிளகு அப்பளம் மத்தியானத்துக்கு முன்பே தீர்ந்துவிடுகிறது, காலையிலேயே போங்கள். கூரியரில் அனுப்பச் சொல்லாதீர்கள், மதுரையில் இருக்கும் மச்சானுக்குப் போனது பாதி நொறுங்கித்தான் போனது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாங்கினால் வீட்டில் ஒரு தடவை வெயில் காட்டிவிட்டு டப்பாவில் அடையுங்கள். சில்லறை கொண்டுபோங்கள், ஜிபே இருக்கிறது, சிக்னல்தான் இல்லை. தாளைக் கேட்டு வாங்குங்கள், கேட்காமல் இப்போது தருவதில்லை.