மூன்று பின் டயர், நடுவில் ஒரு கோடு

போன வாரம் சித்தி மகன் போன் செய்தான். "அண்ணே, நீங்க ரெண்டாவதா போட்டிருந்த டயரையே நானும் போட்டுரட்டா? இப்ப விலை குறைஞ்சிருக்காம்லா?" போடாதே என்று சட்டென்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டான். அதற்கான பதில் போனில் அடங்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வண்டி 150 சிசி, 2022 ஜூனில் எடுத்தது. பாளையங்கோட்டையிலிருந்து வல்லநாடு பக்கம் வேலைக்குப் போய்வர ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர். பெரும்பாலும் தூத்துக்குடி நான்குவழிச் சாலை. எஞ்சினைப் பற்றியோ மைலேஜைப் பற்றியோ எனக்கு ஒரு குறையும் இல்லை. 46,000 ஓடியும் காலையில் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகிறது.

என் வயிற்றெரிச்சல் பின் டயர். வண்டியோடு வந்தது 28,000 கிலோமீட்டர் உழைத்தது. நேர்ச் சாலையிலேயே ஓடியதால் நடுவில் தட்டையாகத் தேய்ந்தது, அது இயல்புதான். 2024 அக்டோபரில் ஒரு கடையில் புதுசு மாற்றினேன். 100/90-17, டியூப்லெஸ், பெயருள்ள கம்பெனி, 2,560 ரூபாய். அது 13,000 கிலோமீட்டரிலேயே மொட்டையாகிவிட்டது. அதுவும் ஒருபக்கமாக! ஒரு பக்கம் பட்டன் இன்னும் ஆழமாக இருக்க, மறுபக்கம் பட்டன் தேய்ந்து, பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மானக் குறியோடு சமமாகிவிட்டது.

எனக்கு அது தெரிந்தது ஐப்பசி மழையில். மனைவி பின்னால் உட்கார்ந்திருந்தாள். முன்னால் போன லோடு ஆட்டோ திடீரென்று நிற்கவும் பிரேக்கை மிதித்தேன். பின்பக்கம் அரையடி வழுக்கிப்போய் நின்றது. விழவில்லை. வீட்டுக்கு வரும்வரை அவள் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

மறுநாள் ஒரு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்காமல் எழுதிக் கொடுத்தார்கள்: டயர் 2,750, செயினும் அது ஓடும் பல்சக்கரமும் (ஸ்பிராக்கெட்) சேர்ந்த செட் 1,900, வீல் பேரிங் 450, போர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் கம்பி, பெண்டு எடுக்க 1,200, கூலி 800. மொத்தம் 7,100 ரூபாய். போர்க்கில் பெண்டு இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "டயரப் பாத்தாலே தெரியும் சார்." எனக்குக் கோபம் வந்தது, ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மச்சான் வீட்டுக்கு வந்தார். கொத்தனார். விஷயத்தைச் சொன்னதும், "நூல் பிடிச்சுப் பாத்தா தெரிஞ்சிரப் போவுது" என்று பையிலிருந்து நூல்கட்டையை எடுத்தார். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினோம். பின் டயருக்குப் பின்னால் நூலைச் சுற்றி, இரண்டு பக்கமும் டயரின் விளிம்பை ஒட்டி, ஸ்டாண்டுக் காலில் படாமல் தாழ்வாக முன்சக்கரம் வரை இழுத்துப் பிடித்தோம். பின் டயர் 100 மில்லிமீட்டர் அகலம், முன் டயர் 80. எல்லாம் நேராக இருந்தால் முன் டயருக்கு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட 10 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்க வேண்டும். வலதுபக்க நூல் முன் டயரில் முட்டி வளைந்து நின்றது. இடதுபக்கம் இரண்டு விரல் நுழைந்தது.

அதாவது பின்சக்கரம்தான் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. டார்ச் அடித்து, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மைப் பார்த்தேன். செயினை இறுக்க ஆக்சிலின் (சக்கர அச்சின்) இரண்டு பக்கமும் அட்ஜஸ்டர் இருக்கும், இரண்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இங்கே இடதுபக்கம் ஐந்தாவது கோடு, வலதுபக்கம் நான்காவது. டயர் மாற்றிய கடையில் வீலை மாட்டும்போது ஒரு கோடு தள்ளி முடுக்கிவிட்டார்கள். நான் அதே வண்டியில் ஒரு வருஷத்துக்கு மேல் போய்வந்திருக்கிறேன். ஹேண்டில் லேசாக ஒருபக்கம் இழுப்பதைச் சாலையின் சரிவு என்று நினைத்திருந்தேன். பின் ஸ்பிராக்கெட்டைத் துடைத்துப் பார்த்தால் பல்லின் ஒரு பக்கம் மட்டும் செயின் உரசிப் பளபளவென்று இருக்கிறது.

ஆக்சில் நட்டைத் தளர்த்தி, கோட்டை எண்ணி, மறுபடி நூல் பிடித்து, செயின் தொய்வையும் பார்த்து முடுக்க அரைமணி நேரம் ஆனது. கோட்டை மட்டும் நம்பாதீர்கள், நூலும் பிடியுங்கள் என்றார் மச்சான். அட்ஜஸ்டர் கோடுகளே துல்லியமாக இருக்கும் என்று சொல்ல முடியாதாம். போர்க்கில் ஒரு கோணலும் இல்லை. பேரிங்கும் ஆட்டமில்லை.

அப்புறம் விலை. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. பத்து சதவீதம் குறைய வேண்டும் என்று கடையில் சண்டை போடாதே. 128 ரூபாய்க்கு விற்றது 118 ஆகும், அவ்வளவுதான், எட்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் கம்மி. அப்படிப் பார்த்தால் என் 2,560 ரூபாய் டயர் 2,360-க்கு வர வேண்டும். மூன்றாவதாக நான் போட்டது வேறு கம்பெனி, விலை அதே 2,360. கழற்றி மாட்ட 150, புது வால்வு 40. மொத்தம் 2,550 ரூபாய். 7,100 எங்கே, இது எங்கே? முதலில் எடுத்துக்காட்டிய டயரில் தேதி பழசாக இருந்ததால் வேறு கேட்டேன். பக்கச் சுவரில் நான்கு எண் இருக்கும்: 2325 என்றால் 2025-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. மாட்டி முடித்ததும் குனிந்து இரண்டு பக்கக் கோட்டையும் எண்ணினேன். கடைத் தம்பி முகம் சுளித்தான், சுளிக்கட்டும்.

இப்போது 5,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. தேய்மானம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல. ஹேண்டில் இழுக்கவில்லை.

நியாயமாகச் சொன்னால் அந்த இரண்டாவது டயர்மேல் தப்பு குறைவு. கோணலாக மாட்டியது கடை. காற்றும் நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை. 28 இருக்க வேண்டிய இடத்தில் ஒருமுறை 21 இருந்தது. நேராக மாட்டியிருந்தால் அதுவும் நன்றாக உழைத்திருக்கலாம். புதுசில் மழையில் பிடிமானம் அருமையாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

இருந்தாலும் அந்த டயரை நான் திரும்ப வாங்க மாட்டேன் தம்பி. அன்று மழையில் மனைவி என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது இன்னும் மறக்கவில்லை. நீயும் வேறு பார்.