என்ஜின் மவுண்டிங்குக்கு எந்த ரப்பர்? கணபதியில் ஒரு பட்டறை

கோயம்புத்தூர் கணபதியில், சந்துக்குள் போர்டுகூட இல்லாத ஒரு ரப்பர் மோல்டிங் பட்டறை இருக்கிறது. எங்கள் நாலு சிலிண்டர் டீசல் டெம்போவுக்கு என்ஜின் மவுண்டிங் அங்கேதான் அடித்து வாங்கினேன். என்ஜினுக்கும் வண்டியின் அடிச்சட்டமான சேஸிக்கும் நடுவில் உட்காரும், இரும்பில் ரப்பர் ஒட்டிய தாங்கிதான் இந்த மவுண்டிங். வேலை சுத்தம், ஆனால் சொன்ன நாளில் கைக்கு வராது.

அதற்கு முன்னால் வேறொரு கடையில் "ஆயுசுக்கும் தாங்கும்" என்று பாலியூரித்தேன் என்ற கெட்டியான செயற்கைப் பொருளில் செய்த மவுண்டிங்கைத் தலையில் கட்டிவிட்டார்கள். தாங்கத்தான் செய்தது, ஆனால் வண்டி ஐடிலிங்கில் நின்றால் சைடு மிரரில் பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்றே தெரியாது. 800 ஆர்பிஎம்மில் நாலு சிலிண்டர் என்ஜின் நொடிக்கு 26, 27 தடவை வெடிக்கிறது, அந்த உதறலை உள்வாங்க மவுண்டிங் போதுமான அளவு மெத்தென்று இருக்க வேண்டும், கல் மாதிரி இருந்தால் எல்லாம் சேஸிக்கு இறங்கி கேபின் முழுக்க அதிரும்.

பட்டறைக்காரர் முதலில் கேட்டதே, "ஏனுங்கண்ணா, என்ஜின்ல ஆயில் ஒழுகுதுங்களா?" என்றுதான். அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இயற்கை ரப்பர்தான் இந்த வேலைக்கு ராஜா, ஓயாமல் அமுங்கி எழுந்தாலும் சீக்கிரம் வெடிக்காது, ஆனால் ஆயில் பட்டால் ஊறி உப்பிவிடும். மற்றதெல்லாம் செயற்கை ரப்பர். நைட்ரைல் ஆயிலைத் தாங்கும், காற்றிலுள்ள ஓசோனில் விரிசல் விடும், அசைவைத் தாங்குவதிலும் இயற்கை ரப்பர் அளவுக்கு வராது. இபிடிஎம் சூட்டுக்கும் வெயிலுக்கும் கெட்டி, ஆயிலுக்கு அதுவும் ஆகாது. நியோப்ரீன் ஆயிலைத் தாங்குவதிலும் வெயிலைத் தாங்குவதிலும் நடுத்தரம். அதனால் ஒழுகும் ஆயில் சீலை முதலில் மாற்றச் சொல்லிவிட்டு இயற்கை ரப்பரையே போட்டார். சைலன்சர் பக்கத்து மவுண்டிங்குக்கு மட்டும் ஒரு தகட்டை மறைப்பாக வைத்துக் கட்டச் சொன்னார், 80, 90 டிகிரிக்கு மேல் தொடர்ந்து வெந்தால் இயற்கை ரப்பர் சீக்கிரம் கெட்டுப்போகும்.

ரொம்பப் பிடித்தது இன்னொன்று. பழைய ஒரிஜினல் மவுண்டிங் ஒன்றைக் கொண்டு போயிருந்தேன், அதை வைஸில் மாட்டிப் பிய்த்துக் காட்டினார். இரும்பு பளபளவென்று தெரிந்தது. அப்படியென்றால் ரப்பர் கிழியவில்லை, ரப்பருக்கும் இரும்புக்கும் இடையிலான ஒட்டு விட்டிருக்கிறது. இரும்பின் மேல் கருப்பாக ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் ஒட்டு நல்ல ஒட்டு. புது மவுண்டிங்கில் கடினம் அளக்கும் கேஜை அழுத்தி ஷோர் ஏ (ரப்பரின் கடினத்துக்கான அளவுகோல்) 55 என்று என் கண்ணுக்கு முன்னாலேயே காட்டினார். இதெல்லாம் எந்தக் கடைக் கவுண்டரில் நடக்கும்?

இப்போது கியர் லிவரின் உதறல் அடங்கிவிட்டது, மிரரும் சரி. விலை ரெடிமேடைவிடக் கூடத்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். தாமதம்தான் எரிச்சல், "நாளைக்குங்க" என்பதை அங்கே யாரும் நாளைக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். போன் செய்துவிட்டுப் போங்கள், பழைய மவுண்டிங்கைக் கையோடு கொண்டுபோனால்தான் அளவு எடுப்பார், பில்லும் கேட்டால்தான் வரும்.