பதினைந்தாம் தேதி: எங்கள் அஞ்சலக ஆர்டியோடு இரண்டு வருடம்

போன தையில் கல்யாணமான சித்தி மகள் நேற்று போன் செய்தாள். "அக்கா, நாங்களும் சேர்ந்து ஏதாவது சேர்க்கணும்னு பேசிக்கிட்டிருக்கோம். நீங்க போட்ட ஆர்டி எப்படி இருக்கு, போடலாமா?" என்றாள். "போடாதடி" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மனசு கேட்கவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியதை முழுசாக எழுதிவிடுகிறேன்.

ஆர்டி என்றால் மாதா மாதம் ஒரே தொகையைக் கட்டிச் சேர்க்கிற தொடர் வைப்புக் கணக்கு. ஐந்து வருடம், அறுபது தவணை, 6.7 சதவீத வட்டி. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2024 பிப்ரவரி 12-ம் தேதி, எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வாரத்தில், மாதம் 3,000 ரூபாய்க்கு இரண்டு பேர் பெயரிலும் தொடங்கினோம். கடைசியில் 2,14,097 ரூபாய் வரும். வீட்டுக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் அவர் "ஆயில் இன்ஜின்" என்று எழுதினார், அதற்குக் கீழே நான் "அடுப்படிக்குத் தளம்" என்று எழுதினேன். 2018-ல் கஜா புயல் பிய்த்துப் போட்ட அடுப்படிக் கூரைக்கு மாமியார் தார்ப்பாய் கட்டியதோடு சரி, இன்னும் அதுதான் இருக்கிறது. அவருக்கோ வாய்க்காலில் தண்ணீர் தாழ ஓடும்போது இறைத்து ஊற்ற இன்ஜின் வேண்டும். எங்களுடையது திருவாரூர் மாவட்டத்தில் கோட்டூர் பக்கம், கிட்டத்தட்ட கடைமடை, வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற இடம். இரண்டுமே நியாயமான ஆசைதான், அதனால் யாரும் யாருடையதையும் அடிக்கவில்லை.

எனக்கு ஆறாத கோபம் அந்தத் தேதி மேல்தான். மாதத்தின் முதல் பதினைந்து நாளுக்குள் கணக்குத் தொடங்கினால், ஒவ்வொரு மாதமும் பதினைந்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும். பதினாறாம் தேதிக்கு மேல் தொடங்கினால் மாதக் கடைசி வேலை நாள் வரை நேரம் உண்டு. நாங்கள் தொடங்கியது 12-ம் தேதி. ரைஸ் மில்லில் கணக்கு எழுதும் எனக்குச் சம்பளம் கைக்கு வருவது 20-ம் தேதிக்கு மேல். நாலே நாலு நாள் பொறுத்திருந்தால் போதும். நல்ல நாள் பார்த்தோமே தவிர இதைப் பார்க்கவில்லை. மாதா மாதம் பத்தாம் தேதி ஆனதும் வயிற்றில் ஏதோ கரைய ஆரம்பிக்கும்.

அந்த முதல் வருடத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான். எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வருகிற மேட்டூர் அணையை 2024-ல் வழக்கமான ஜூன் 12-ல் திறக்கவில்லை, ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். பம்பு செட் இல்லாத எங்களுக்குக் குறுவை கிடையாது. சம்பாவுக்கு உழவும் விதையும் என் சம்பளத்தில் போயின. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று தவணையும் தவறின. தவறினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம், அது பெரிசில்லை. நாலாவதும் தவறினால் கணக்கு நின்றுவிடும், அப்புறம் இரண்டு மாதத்துக்குள் அதை உயிர்ப்பித்தாக வேண்டும். நான் பயந்துபோய் அக்டோபர் முதல் வாரத்தில் தோட்டை அடகு வைத்து 12,500 வாங்கிக் கட்டினேன், நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு. வருடத்துக்கு 24 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி 6.7 சதவீதத்தில் சேமித்திருக்கிறேன். ஊர் நெல்லுக்கெல்லாம் கணக்கு எழுதுகிற நான் செய்த காரியம் இது. "விட்டுடலாம்மா, அப்பறம் பாத்துக்கலாம்" என்று அவர் சொன்னார். எனக்குத்தான் மனசு வரவில்லை. ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகாததை விட்டால், எங்கள் இரண்டு பேரின் பேச்சுக்கே மதிப்பில்லாமல் போய்விடும் என்று தோன்றியது.

இதற்கு ஆர்டியைக் குறை சொல்வது நியாயமில்லை. போகத்துக்குப் போகம் பணம் பார்க்கிற வீட்டில் மாதக் கணக்கு போட்டது எங்கள் தப்பு. இடையில் ஒரு வரவுசெலவுச் செயலியையும் போனில் போட்டுப் பார்த்தோம். எடுத்ததும் மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டது. இவர் என் முகத்தைப் பார்த்தார், நான் இவர் முகத்தைப் பார்த்தேன். அன்றோடு நோட்டுக்கே திரும்பிவிட்டோம். இப்போது நோட்டில் ஜனவரி, பிப்ரவரி கிடையாது. "சம்பா பணம்", "குறுவைப் பணம்", "என் சம்பளம்" என்று மூன்று பக்கம். அரிசி வாங்குவதில்லை, பால், மளிகை, கரண்ட், குழுத் தவணை சம்பளத்தில். மொய்யும் உரமும் நெல் பணத்தில்.

நான் எதிர்பார்க்காத நல்லது ஒன்று நடந்தது 2025 பிப்ரவரியில். சாவித்திரி நெல் 105 மூட்டை, மூட்டை 962 ரூபாய் வீதம் கொள்முதலுக்குப் போனது. ஈரப்பதம் 17-க்குள் வர நாலு நாள் களத்தில் கிளறிக்கொண்டே இருந்தோம். பயிர்க்கடன் அடைத்து, தோட்டை மீட்டு, மிச்சத்தோடு தவணை கட்டப் போனபோதுதான் பன்னிரண்டு தவணையை மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதத் தவணையில் நூற்றுக்கு 40 ரூபாய் கணக்கில் தள்ளுபடி என்று தெரிந்தது. 3,000-க்கு 1,200 ரூபாய். 36,000-க்கு 34,800 கட்டினோம். ஆறு தவணை சேர்த்துக் கட்டினால் நூற்றுக்கு 10 ரூபாய், அதாவது 300. தோட்டுக்கு ஐந்து மாதம் கொடுத்த வட்டி 1,250. அது ஏறக்குறைய அப்படியே திரும்பி வந்த மாதிரி இருந்தது. அதைவிடப் பெரிது, அந்த வருடம் முழுக்கப் பதினைந்தாம் தேதி என்று ஒன்று எனக்கு இல்லவே இல்லை. போகத்துக்குப் போகம் சம்பாதிக்கிறவர்களுக்காகவே வைத்த வழி மாதிரி இருக்கிறது, இதை முதல் நாளே தெரிந்துகொள்ளாமல் போனோமே!

இன்னொன்றும் பிடித்தது. கூட்டுக் கணக்கில் 'ஏ' என்றால் எடுக்கும்போது இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், 'பி' என்றால் ஒருவர் போதும். நாங்கள் 'ஏ' எடுத்தோம். பன்னிரண்டு தவணை முடிந்தால் கட்டியதில் பாதி வரை கடன் உண்டு, ஆர்டி வட்டிக்கு மேல் 2 சதவீதம். போன ஆனியில் இன்ஜினுக்காக அதை எடுக்கலாம் என்று இவர் ஆசைப்பட்டார். நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். இரண்டு நாள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் அவரே நோட்டை எடுத்து, முதலில் தளம், அப்புறம் இன்ஜின் என்று ஒன்று, இரண்டு நம்பர் போட்டு வைத்தார். அந்தப் பக்கத்தை இப்போதும் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.

இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு ஏன் போடாதே என்றேன் என்றால், முன்கூட்டிக் கட்டிய தவணையெல்லாம் ஜனவரியோடு முடிந்துவிட்டது. இந்த வருடம் அறுப்பு மெஷின் இன்னும் எங்கள் வயலில் இறங்கவில்லை. பிப்ரவரி 15 ஞாயிறு. சனிக்கிழமைக்குள் கட்ட மில்லில் முன்பணம் கேட்டு நின்றேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது உன் போன் வந்தது.

அதனால் தங்கச்சி, இன்றைக்கு என்னைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மாப்பிள்ளைக்குக் கொத்தனார் வேலை, மழை மாதத்தில் கூலி இருக்காது. அப்படியும் போடுவதானால் ஐநூறோ ஆயிரமோ போடு, பதினாறாம் தேதிக்கு மேல் போய்த் தொடங்கு, 'ஏ' என்று எழுதச் சொல். கையில் மொத்தமாகப் பணம் நிற்கிற மாதம் பார்த்து ஆறு தவணையாவது சேர்த்துக் கட்டிவிடு.

எங்களுக்கு இதுவரை இருபத்தைந்து தவணை, 75,000 ரூபாய் ஆகியிருக்கிறது. நெல் பணம் வந்ததும் மறுபடி பன்னிரண்டையும் கட்டிவிட வேண்டும். மார்ச் 15-ம் ஞாயிறுதான், காலண்டரில் பார்த்து வைத்திருக்கிறேன்.