பசங்களோட போக பெரிய கோயிலா, கங்கைகொண்ட சோழபுரமா?

ரெண்டுமே சோழர் கோயில்தான், அப்பா ராஜராஜன் 1010ல முடிச்சது தஞ்சாவூர், மகன் ராஜேந்திரன் கட்டுனது கங்கைகொண்ட சோழபுரம். பிரமிப்புன்னா தஞ்சாவூர்தான், 200 அடிக்கு மேல நிக்கிற விமானத்தை, அதாவது கருவறை மேல இருக்குற கோபுரத்தை, அண்ணாந்து பாக்குறப்போ எந்தப் பிள்ளையா இருந்தாலும் வாயைப் பொளந்துரும், ஒரே கல்லுல செதுக்குன நந்தி வேற. ஆனா லீவு நாள்ல கூட்டம் நெரியும், செருப்பு போடக்கூடாது, மதியத்துல தரை கொதிக்கும், சின்னதுங்க பாவம் அழுதுரும். காலைல ஏழு மணிக்கே போயிருங்க, இல்லன்னா சாயங்காலம்.

அஞ்சு வயசுக்குக் கீழ இருந்தா நான் கங்கைகொண்ட சோழபுரம்தான் சொல்லுவேன், சுத்தி பச்சைப் புல்வெளி, கூட்டம் கம்மி, பயமில்லாம ஓட விடலாம். அங்க இருக்குற சிங்கமுகக் கிணறை எங்க வீட்டுக் குட்டி விட்டு வரவே மாட்டேன்னுச்சு. சிவன் தன்னோட பக்தர் சண்டேசருக்குத் தலைல மாலை சுத்துற சிற்பத்தை மட்டும் மறக்காம காட்டுங்க, கதையா சொன்னா அப்படியே கேக்குங்க. பக்கத்துல கடைங்க கம்மி, சாப்பாடு தண்ணி கையோட எடுத்துட்டுப் போங்க.