ஜிம்மிக்கு நான்கு வழிகள் இருந்தன

ஜிம்மியின் ரத்தப் பரிசோதனைத் தாளில் கிரியாட்டினின் 7.8 என்று இருந்தது. நாய்க்கு 5-ஐத் தாண்டினாலே சிறுநீரகச் செயலிழப்பின் நான்காவது கட்டம், அதாவது கடைசிக் கட்டம். வயது பதிமூன்று. பொமரேனியன் என்று சொல்லி வாங்கி, பாதி ஆயுள் போன பிறகு இந்தியன் ஸ்பிட்ஸ் என்று தெரிந்துகொண்ட வெள்ளை நாய். டாக்டர் தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, "வீட்ல பேசிட்டு வாங்க சார்" என்றார். எதைப் பேச வேண்டும் என்று நானும் கேட்கவில்லை.

கருணைக்கொலை ஊசி போடுவதா, போட்டால் எங்கே என்று பேசியதில் நான்கு வழிகள் தேறின. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, பக்கத்துத் தனியார் கிளினிக்கில் முடிப்பது, டாக்டரை வீட்டுக்கே வரவழைப்பது, ஊசியே போடாமல் அதன் போக்கில் விட்டுவிடுவது. ஐந்து வாரம் இந்த நான்கையும் விசாரித்து, விலை கேட்டு, வீட்டில் சண்டையும் போட்டோம். எங்கள் வீடு சென்னை பெரம்பூரில். கீழே வரும் தொகைகள் எங்களிடம் சொன்னவை, எங்கள் கையிலிருந்து போனவை. உங்கள் ஊரில் மாறும்.

அம்மா நான்காவது வழியின் கட்சி. "வாயில்லா ஜீவன்டா. அது போற நேரத்துக்குப் போகட்டும். முடிக்க நாம யாரு?" 1928-ல் சபர்மதி ஆசிரமத்தில் தேறாத நோயில் துடித்துக்கொண்டிருந்த ஒரு கன்றுக்கு, காந்தியே டாக்டரை வரவழைத்து விஷ ஊசி போடச் சொன்னார்; கண்டனக் கடிதங்கள் குவிந்தும் தான் செய்தது சரி என்றுதான் எழுதினார் என்று எடுத்துச் சொன்னேன். "காந்தி சொன்ன மத்ததெல்லாம் கேட்டுட்டியா நீ?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஊசி போடாமல் விடுவதுதான் செலவில்லாத வழி என்று பலரும் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதிகம் செலவு வைத்தது அதுதான். கிளினிக்கில் ஒருநாள் விட்டு ஒருநாள் டிரிப்ஸ், ஒரு தடவைக்கு 600 ரூபாய், எட்டுத் தடவை. ரத்தப் பரிசோதனை மூன்று முறை, 1,200 வீதம். வாந்தியை நிறுத்த, பசியைத் தூண்ட, வாய்ப்புண்ணுக்கு என்று மருந்துகள், ஊசிகள். ஆட்டோவோடு சேர்த்து பதினாலாயிரத்தைத் தொட்டது. பிறகு டாக்டரே தோலுக்கடியில் திரவம் ஏற்றக் கற்றுக்கொடுத்தார். ரிங்கர் லாக்டேட் பாட்டிலைக் கொஞ்ச நேரம் வெந்நீர்ச் சொம்பில் நிறுத்தி வைத்து, ஜன்னல் கம்பியில் துணிக்கயிற்றால் கட்டி, தோள்பட்டைக்கு மேல் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து ஊசியைச் செருக வேண்டும். 150 மில்லி இறங்கியதும் முதுகில் ஒரு திமில் எழும்பும். சாயங்காலத்துக்குள் அது முன்னங்காலுக்கு வழிந்து இறங்கியிருக்கும். அந்தத் திமிலோடு ஜிம்மி பால்கனிக்குப் போய் தெருவைப் பார்த்துக் குரைத்த நாட்களும் உண்டு. அந்தப் பதினாலாயிரம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதன் போக்கில் விடுவது எல்லா நோய்க்கும் ஒன்றுபோல இருக்காது. முதுமையில் தீனி குறைந்து, தூக்கம் கூடி, ஒருநாள் காலையில் எழுந்திருக்காமல் போகும் நாய்கள் உண்டு. அந்த மாதிரி என்றால் அம்மா சொன்னதுதான் சரி. சிறுநீரகம் நின்றுபோன நாய் அப்படிப் போவதில்லை. குமட்டல், வாய்ப்புண், வாயிலிருந்து மூத்திர நெடி, கடைசியில் வலிப்பும் வரலாம், அதுவும் நாள்கணக்கில் இழுக்கும். நுரையீரலில் நீர் கோத்து மூச்சுக்குத் திணறும் நாயை இயற்கையாகப் போகட்டும் என்று வைத்திருப்பது கொடுமை. இந்தக் கட்டத்தில் வீட்டிலிருக்கும் மனித மாத்திரைகளைக் கொடுத்துப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம். ஒரு பாராசிட்டமால் போதும், பூனை செத்துவிடும்.

எப்போது என்பதை முடிவு செய்ய அலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் வகுத்த ஒரு மதிப்பெண் முறை உண்டு. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், நல்ல நாட்கள் எத்தனை என்று ஏழு விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். நான் நோட்டில் போட்டு வைத்தேன்: முதல் வாரம் 41, நான்காவது வாரம் 24. அம்மா நோட்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவள் தினசரிக் காலண்டரில் ஜிம்மி சாப்பிட்ட நாளுக்கு ஒரு டிக் போட்டுவந்தாள். கிழித்த தாள்களை ஆணியில் குத்தி வைப்பாள். ஐந்தாவது வாரத் தாள்களில் டிக் ஒன்றே ஒன்றுதான். என் நோட்டும் அவள் ஆணியும் ஒன்றையேதான் சொல்லின.

சரி, ஊசிதான் என்று முடிவான பிறகு எங்கே என்பது கேள்வி. இதை விலையில் ஆரம்பிக்காதீர்கள். எங்களிடம் 2009-ல் டைகர் என்று ஒரு நாய் இருந்தது. அதை அழைத்துப்போன கிளினிக்கின் பெயர் வேண்டாம். மயக்க ஊசி எதுவும் போடாமல், துவண்டு கிடந்த நாயின் காலில் நரம்பைத் தேடித் தேடிக் குத்தினார்கள். மூன்றாவது குத்தில் டைகர் ஊளையிட்டது. அப்பா வெளியே போய்விட்டார். எவ்வளவு கட்டணம் வாங்கினார்கள் என்று இன்று எனக்கு ஞாபகமில்லை, அந்த ஊளை ஞாபகமிருக்கிறது. ஆகவே இந்த முறை எல்லோரிடமும் முதலில் ஒரே கேள்விதான் கேட்டேன்: "முதல்ல மயக்க ஊசி போடுவீங்களா டாக்டர்?"

முறையாகச் செய்தால் இப்படி. சதையிலோ தோலுக்கடியிலோ மயக்க ஊசி, பத்து நிமிடத்தில் நாய் தூங்கிவிடும். முன்னங்காலில் முடியை மழித்து நரம்பில் ஊசிக்குழாய் செருகி, தயோபென்டோன் மாதிரி மயக்க மருந்தையே அளவுக்கு மீறி ஏற்றுவார்கள். முதலில் நினைவு, பிறகு மூச்சு, பிறகு இதயம் நிற்கும். ஆழ்ந்த மயக்கம் வந்த பிறகு இதயத்தை நிறுத்த வேறு மருந்து சேர்ப்பவர்களும் உண்டு, அதில் தவறில்லை. நினைவோடு இருக்கும் நாய்க்கு மக்னீசியம் சல்பேட்டையோ பொட்டாசியம் குளோரைடையோ நேரடியாக ஏற்றுவதுதான் கூடாதது. கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அங்கிருந்து எழுந்துவிடலாம்.

வேப்பேரியில் இருக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கியது. அங்கே கற்பிக்கும் மருத்துவமனை என்பதால் ஸ்கேன், ஆய்வகம், துறைவாரியாக மருத்துவர்கள் எல்லாம் ஒரே வளாகத்தில். கட்டணமும் குறைவு. கையில் காசில்லை என்றால் யோசிக்காமல் அங்கே போகலாம், அதில் குற்ற உணர்ச்சிக்கு ஒன்றுமில்லை. நாங்கள் இரண்டாவது வாரம் போனது இன்னொரு டாக்டரின் கருத்துக்காக. பெரிய ஆஸ்பத்திரிக்கே உரிய கூட்டம். காத்திருக்கத்தான் வேண்டும், துவண்ட நாயோடு அது லேசில்லை. ஜிம்மியைச் சுற்றி மாணவர்கள் நாலைந்து பேர் நின்று குறிப்பெடுத்தார்கள். ஒரு பெண் மட்டும் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அதன் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். "இதுக்கு மேல மருந்து இல்லம்மா" என்று அங்கே இருந்த மூத்த டாக்டர் சொன்னபோதுதான் அம்மா முதல்முறையாக என்னோடு வாதாடாமல் வீட்டுக்கு வந்தாள்.

தனியார் கிளினிக்கில் 2,500 கேட்டார்கள். ஐந்து வருடமாக ஜிம்மியைப் பார்த்த டாக்டர், மேலே பெரிய விளக்கு, கைக்கு உதவியாள், நரம்பு கிடைக்காவிட்டால் மாற்று ஏற்பாடு. தொழில் ரீதியாகப் பார்த்தால் பாதுகாப்பான இடம் அதுதான். குறை எல்லாம் அந்தப் பெஞ்சில். பக்கத்தில் ஒரு லேப்ரடார் குட்டி முதல் தடுப்பூசிக்கு வந்து குதித்துக்கொண்டிருக்கும், நாம் இந்த வேலையாக உட்கார்ந்திருப்போம். ஜிம்மிக்கு அந்த ஸ்டீல் மேசையைக் கண்டாலே நடுக்கம். தெரு நாய்களுக்காக 2001-ல் வந்த மத்திய அரசு விதிகளிலேயே, ஒரு நாயின் கண்முன் இன்னொரு நாயைக் கருணைக்கொலை செய்யக் கூடாது என்று இருந்தது. வீட்டு நாய்க்கு அதைக் கேட்டு வாங்க வேண்டியது நாம்தான். கிளினிக்தான் என்றால் அன்றைய கடைசி நேரத்தைக் கேளுங்கள், பணத்தை முன்பே கட்டிவிடுங்கள். காலியான கழுத்துப்பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பில்லுக்கு வரிசையில் நிற்பது மாதிரி ஒன்று வேண்டாம்.

வீட்டுக்கு வர 5,500. கிளினிக்கை விட மூவாயிரம் கூடுதல். டிரிப்ஸுக்குப் போன பணத்தோடு வைத்துப் பார்த்தால் பெரிய தொகை இல்லை, நான் கொடுத்ததில் வருத்தப்படாத பணமும் இதுதான். இதிலும் சிக்கல் உண்டு. நீர்ச்சத்து வற்றிய கிழ நாய்க்கு நரம்பு சுருங்கியிருக்கும், வீட்டில் வெளிச்சமும் ஆளும் குறைவு. எல்லா டாக்டர்களும் வர மாட்டார்கள், வருகிறவர்களும் தாங்கள் பார்க்காத நாய்க்கு உடனே ஊசி எடுக்க மாட்டார்கள். ரிப்போர்ட்டைப் பார்ப்பார்கள், சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். ஆரோக்கியமான நாயை வீடு மாறுகிறோம் என்று முடித்துவைக்கச் சொன்னால் மறுப்பார்கள், மறுப்பதுதான் நியாயம். நாய் பத்து நாளைக்குள் யாரையாவது கடித்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெறிநோய் சந்தேகம் இருந்தால் வீடு சரிப்படாது.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார் டாக்டரம்மா. ஹாலில் ஜிம்மி வழக்கமாகப் படுக்கும் மிதியடி மேலேயே வேலை நடந்தது. அம்மா தயிர்சாதத்தை விரலில் எடுத்து நீட்டினாள், ஜிம்மி நக்கியது, மயக்க ஊசி எப்போது ஏறியது என்றே தெரியவில்லை. "கண்ணு மூடாதும்மா, திறந்தேதான் இருக்கும். அப்புறம் ஒரு தடவை மூச்சு இழுக்கிற மாதிரி வரும், அது உயிரில்ல, பயப்படாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார். சொன்னது மாதிரியே ஒரு இழுப்பு வந்தது. சொல்லியிருக்காவிட்டால் அம்மா அலறியிருப்பாள். ஸ்டெதாஸ்கோப்பை இரண்டு முறை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தலையசைத்தார். இருபத்தைந்து நிமிடம்.

மண்ணா, நெருப்பா என்பதை அதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குச் செல்லப்பிராணி எரியூட்டும் இடம் வசதி. தனியாக எரித்துச் சாம்பல் தருவார்களா, மற்றவற்றோடு சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள், விலை அதில்தான் மாறும். எங்களுக்கு மதுராந்தகம் பக்கத்தில் நிலம் இருந்தது. விறைப்பதற்குள் கால்களை மடக்கி, தூங்குகிற மாதிரி சுருட்டி, பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் பழைய போர்வை, அதில் வைத்து காரில் கொண்டுபோனோம். சித்தப்பா மூன்றடி தோண்டிவிட்டு, "போதாதாடா?" என்றார். இந்த மருந்து உடம்பில் அப்படியே இருக்கும் சித்தப்பா, நரியோ நாயோ தோண்டித் தின்றால் அதுவும் சாகும் என்றேன். கிணறு எந்தப் பக்கம் என்று திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி மண்வெட்டியை எடுத்தார். இடுப்பளவு வந்த பிறகுதான் ஏறினார்.

ரிங்கர் லாக்டேட் நான்கு பாட்டில் பிரிக்காமல் மிச்சம் இருந்தது. மறுநாள் கிளினிக்கில் கொண்டுபோய்க் கொடுத்தேன். யார் கொடுத்தது என்று எழுத என்ன பெயர் போட என்று கவுன்டரில் இருந்த பெண் கேட்டாள். ஜிம்மி என்றேன். அவள் பழக்கத்தில், "அடுத்த டிரிப்ஸ் எப்ப சார்?" என்றாள்.